மணி அடித்தால் கையை எடு

2008ஆம் வருஷம். எங்கே போனாலும் கரண்ட் கட்டைப் பற்றியே பேச்சாக இருந்த நேரம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள், பொன்னேரியிலிருந்து தினமும் ரயில், மூக்குக்கு மேல் கோபம். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த கூத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

எங்கள் கம்பெனி காற்றாலைகளுக்குக் கன்வெர்ட்டர் பேனல் செய்து கொடுத்தது. பார்ப்பதற்கு நான்கு பீரோவைச் சேர்த்து நிறுத்திய மாதிரி இருக்கும். காற்று இருக்கிறதே, அது நம் இஷ்டத்துக்கா அடிக்கும்? ஒரு நிமிஷம் வேகமாக அடிக்கும், மறு நிமிஷம் ஓயும். காற்றாலையிலிருந்து வரும் கரண்ட்டும் அப்படித்தான் ஏறி இறங்கும். அதை வாங்கிச் சீராக்கி, ஊருக்குப் போகிற லைனோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை.

முதலாளியை எல்லோரும் பாய் என்போம். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த குடும்பம். வியாபாரத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு, பிடிவாதமாக இந்த வேலையில் இறங்கியவர். நாங்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். வயர் கட்டுவது, போல்ட் முறுக்குவது எல்லாம் பெண்கள்தான். அவர்களில் பாதிப் பேருடைய அம்மாக்கள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். மகள்கள் கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கம்பி ஆலை. பழைய இரும்பை உருக்கும் பெரிய ஃபர்னஸ் அங்கே உண்டு. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே லைனிலிருந்துதான் கரண்ட். அவர்கள் ஃபர்னஸில் கரண்ட் போட்டதும் எங்கள் பக்கம் டியூப்லைட் மங்கும், மின்விசிறி சோர்ந்துபோகும். கரண்ட் போடுவதற்கு முன்னால் ஆட்கள் தள்ளி நிற்பதற்காக, கயிற்றில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டில் மூன்று தட்டு தட்டுவார்கள். அந்த மணியின் டங், டங், டங் எங்களுக்கும் நன்றாகக் கேட்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேனல் அந்த மணிக்குப் பிறகு பட்டென்று நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடி மணி, மறுபடி நின்றது. பேனலில் கோளாறு இல்லை, கரண்ட்டில்தான் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்போது அது பெரிய தப்பும் இல்லை. வோல்டேஜ் விழுந்தால் பேனல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு லைனைவிட்டு ஒதுங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். ஆனால் அதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மணி அடித்தால் கையை எடு. பேனலை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஃபர்னஸ் ஆட்கள் சாப்பிடப் போகும் ஒண்ணரை மணிக்கு வந்து ஓட்டுவோம். அப்போது கரண்ட் சாதுவாக இருக்கும். பேனல் அழகாக ஓடும். நான் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஃபர்னஸ் ஓடுகிற நேரத்துக்கு எங்கள் பெண்கள் ராகு காலம் என்று பேரே வைத்துவிட்டார்கள்.

அந்த ஆலையின் எலக்ட்ரீசியனோடு எனக்கு வாரம் ஒரு சண்டை. ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக இருந்த டீக்கடையில் ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களால் எங்கள் பிழைப்பே கெடுகிறது, நீங்கள் இரும்பு உருக்குகிறீர்களா, எங்கள் உயிரை உருக்குகிறீர்களா என்று பொரிந்து தள்ளுவேன். அவர் ஒரு நாளும் பதிலுக்குக் கத்தியதில்லை. நாஷ்டா ஆச்சா மேடம் என்று காலை டிபனை விசாரித்துவிட்டுப் போய்விடுவார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் காற்றாலைக் கம்பெனி புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. லைனில் வோல்டேஜ் ஒரு நொடி சரிந்தால் பேனல் இனி ஒதுங்கக் கூடாது. பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதோடு லைனுக்குத் தன்னால் ஆன கரண்ட்டைத் தள்ளி வோல்டேஜைத் தாங்கியும் கொடுக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். மாடிப்படியில் நாலு பேர் பீரோ தூக்கிப் போகிறோம் என்று வையுங்கள். ஒருவருக்குக் கால் இடறினால் மற்ற மூன்று பேர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஐயோ என் கால் என்று ஆளுக்கு ஆள் கையை விட்டால் பீரோ என்ன ஆகும்? காற்றாலைகள் நாலைந்து இருந்த காலத்தில் அவை கையை விட்டால் ஒன்றும் ஆகவில்லை. நூற்றுக்கணக்கில் வந்த பிறகு, அவை எல்லாம் ஒரே நேரத்தில் கையை விட்டால் லைனே படுத்துவிடும்.

சென்னையிலிருந்த ஒரு இன்ஜினீயர் அதற்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தார். நானும் சோதித்தேன். எப்படி? பேனலின் மூளையான கண்ட்ரோல் கார்டுக்கு மட்டும் தனி வயர் கொடுத்து, கையால் திருகி வோல்டேஜைக் குறைத்துக் காட்டினேன். கார்டு சரியாகப் புரிந்துகொண்டது. பிறகு வழக்கம்போல ஒண்ணரை மணிக்கு முழு பேனலையும் ஓட்டினேன். பாஸ். பதினொரு பேனல்கள் என் கையெழுத்தோடு தெற்கே போயின.

ஆடிக் காற்று உச்சத்தில் இருந்தபோது போன் வந்தது. எங்கேயோ மரக்கிளை ஒன்று லைனில் உரசியிருக்கிறது. ஒரு நொடிதான் வோல்டேஜ் சரிந்ததாம். எங்கள் பேனல்கள் பதினொன்றும் ஒரே சமயத்தில் கையை விட்டுவிட்டன. அந்த அதிர்ச்சியில் பக்கத்துக் காற்றாலைகளும் நின்று, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் பட்டப்பகலில் கரண்ட் போயிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அவர்களுடைய ஆய்வாளர் வருவார், அவர் கண் முன்னால் நிஜமான சரிவில் பேனல் ஒதுங்காமல் நின்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீதி ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பாய் எல்லோரையும் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். கையில் இருப்பது இந்த ஒரு ஆர்டர்தான். இது போனால் கம்பெனியை மூடுவதைத் தவிர வழியில்லை. வயரிங் பெண்களில் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்தாள். அக்கா கையெழுத்துப் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் அவள்.

சென்னை இன்ஜினீயர் புரோகிராமில் தப்பே இல்லை என்று சாதித்தார். நான் என் சோதனையில் தப்பே இல்லை என்று போனிலேயே அவரோடு மல்லுக்கு நின்றேன். பேசிக்கொண்டே ஒரு பேனலின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டங், டங், டங். என் பக்கத்திலிருந்த பெண் ஓடிக்கொண்டிருந்த பேனலை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். நானும் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, தானாகவே எடுத்தோம்.

எடுத்த கையைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எந்தச் சரிவில் பேனல் தாக்குப்பிடித்து நிற்க வேண்டுமோ, அதே சரிவு தினமும் ஏழெட்டு முறை எங்கள் வாசலுக்கே வந்து மணியடித்துக் கூப்பிட்டிருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் பேனலை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

முகம் கழுவிக்கொண்டு நேராகப் பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி என்றேன். அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"நீ மட்டுமா கைய எடுத்தே? நானுந்தான பாத்துக்கினு இருந்தேன். மணி இன்னும் அடிச்சிக்கினுதான் கீதும்மா. இனிமே எடுக்காத, அவ்ளோதான்."

அன்று வெள்ளிக்கிழமை. அந்த நாளையும் சேர்த்து வியாழனுக்கு முன்னால் ஐந்தே வேலை நாள். எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ராகு காலத்தில்தான் இனி வேலை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மணி அடிப்பதற்காகக் காத்திருந்து, அடித்ததும் பேனலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முதல் நாள் மணி நாலு முறை அடித்தது, நாலு முறையும் பேனல் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பிறகு அடுத்த முறை அவர்கள் இரும்பு உருக்கும் வரை தேவுடு காக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது. சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால், உள்ளே அடியில் ஒரு சின்ன 'டக்'.

அது காண்டாக்டர். பேனலை லைனோடு சேர்த்துவைக்கும் பெரிய சுவிட்ச். காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும்வரை சேர்ந்திருக்கும், காந்தம் சோர்ந்தால் விட்டுவிடும். அது ஏன் சோர்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த உருக்கு எத்தனை மணிக்கு என்றாவது தெரிந்தால் நல்லது என்று, இரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பக்கத்து ஆலை கேட்டுக்குள் நுழைந்தேன். அந்த எலக்ட்ரீசியன் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், உங்களை நிறையத் திட்டியிருக்கிறேன், மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு, விஷயத்தை முழுக்கக் கொட்டினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வருசமா எங்க மணி கேட்டாலே பேஜாருன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இன்னிக்கி எப்ப அடிப்பீங்கன்னு கேட்டுக்கினு வந்துக்கீறீங்க."

சிரித்து முடித்துவிட்டு, என்னை ஃபர்னஸுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே தண்ணீர் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீர்தான் ஃபர்னஸைச் சுற்றிப் போய்ச் சூட்டைத் தணிக்கிறது. அது நின்றால் ஃபர்னஸ் வெடித்து ஆட்கள் செத்துப்போவார்கள். பம்பின் காண்டாக்டரைத் திறந்து காட்டினார்.

"இதோட காந்தத்துக்கும் அதே லைன்லருந்து கரண்ட் குடுத்தா, நாங்க ஃபர்னஸ் போடுற அப்போ இதுவே வுட்டுடும் மேடம். அதான் இதுக்கு மட்டும் பேட்டரிலருந்து குட்து வச்சிக்கீறோம். உங்க புரோகிராம் கெட்டிக்காரனாவே இருக்கட்டும். புடிச்சிக்கினு நிக்கிற கையி சோந்து பூட்டா அவன் இன்னா பண்ணுவான்?"

எனக்குத் தலையில் தட்டிய மாதிரி இருந்தது. எந்த ஆலையைச் சனியன் என்று நினைத்தேனோ, அந்த ஆலையில் தினம் தினம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சுவர்தான்.

திங்கட்கிழமை காண்டாக்டருக்கு பேட்டரி வைத்தோம். மணி அடித்தது. 'டக்' கேட்கவில்லை. சந்தோஷப்படுவதற்குள் கண்ட்ரோல் கார்டு அணைந்து எரிந்தது. அதற்கும் அதே லைனிலிருந்துதான் கரண்ட். அதையும் பேட்டரிக்கு மாற்றினோம். செவ்வாய்க்கிழமை, பேனலைக் குளிர்விக்கும் விசிறி நின்றுவிட்டது என்று, விசிறியைக் கண்காணிக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் பொய் சொல்லிப் பேனலை நிறுத்தியது. விசிறி நிற்கவே இல்லை, ரிலேதான் ஒரு நொடி மயங்கியிருந்தது. மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தப்பு. ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது வரும். அந்த மூன்று நாளும் வீட்டில் என்ன சமைத்தேன், பிள்ளைகளோடு என்ன பேசினேன் என்று எதுவும் ஞாபகமில்லை. புதன்கிழமை மாலை அன்றைய கடைசி மணிக்குப் பேனல் முதல் தடவையாகக் கையை விடாமல் நின்று பிடித்தது. ஒரே ஒரு தடவை. அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மெதுவான பேச்சு. பேனலை ஓட்டிவிட்டு மணிக்காகக் காத்திருந்தோம். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மணி அடிக்கவில்லை. இத்தனை வருஷம் அடிக்காமல் இருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்ட மணி, அடிக்க வேண்டிய அன்றைக்கு ஊமையாகிவிட்டது.

ஆய்வாளர் சும்மா இருக்க முடியாமல் பழைய ரிப்போர்ட் ஃபைலை எடுத்துப் புரட்டினார். பதினொன்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லா டெஸ்ட்டும் ஒண்ணரை மணிக்கே நடந்திருக்குதுங்களே. ஏனுங்க?"

அந்த நேரத்தில்தான் ஆட்கள் ஃப்ரீ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வயரிங் பெண்கள் வேலை செய்வது மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொன்னால் இருபத்து மூன்று வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் பொய்க்கும் ஒரு 'டக்' இருக்கும், இந்த மனிதர் அதைக் கேட்டுவிடுவார் என்று தோன்றியது. ஃபர்னஸ், மணி, டீ, ஒண்ணரை மணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த நேரம் கரண்ட் நல்லா இருக்கும் சார், அதனால்தான் பாஸ் ஆச்சு என்றேன்.

அவர் ஃபைலை மூடி வைத்தார். திட்டவில்லை. ரயில் சாயங்காலம்தான், மூணு மணி வரைக்கும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் பேனலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பக்கத்து ஆலைக்கு ஓடினேன். ஃபர்னஸ் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய இரும்பு ஏற்றி வந்த லாரி எளாவூர் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டதாம், வந்தால்தான் உருக்கு. எலக்ட்ரீசியன் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவருடைய சூப்பர்வைசரிடம் போனார். தூரத்தில் நின்று பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார், எங்கள் சுவரைக் காட்டினார். சூப்பர்வைசர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு யார் யாரையோ கூப்பிட்டார். கம்பியின் முனை வெட்டுத் துண்டுகள் ஒரு மூலையில் மலைபோலக் கிடந்தன. அவற்றை அள்ளி ஃபர்னஸில் போட ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்து, போங்க போங்க என்று கையால் விரட்டினார் எலக்ட்ரீசியன்.

இரண்டே முக்கால் இருக்கும். டங், டங், டங்.

எங்கள் ஷெட்டில் எல்லோருடைய கையும் ஒரு தடவை துடித்ததை நான் பார்த்தேன். இரண்டு வருஷப் பழக்கம் அல்லவா. ஆனால் ஒருத்தியும் டீ குடிக்கப் போகவில்லை. நான் பேனலின் கதவில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றேன். டியூப்லைட் மங்கியது. மின்விசிறி சோர்ந்தது. பேனலுக்குள்ளிருந்து வந்த ரீங்காரம் மட்டும் குறையாமல் ஒரு படி ஏறியது. மீட்டரில் முள் சாய்ந்து, பேனல் லைனுக்குக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்ததைக் காட்டியது. 'டக்' இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. டியூப்லைட் மறுபடி பளிச்சென்று எரிந்தது. பேனல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். அதற்குள் லாரி வந்துவிட்டது. அடுத்த மணிக்கும் பேனல் விடாமல் பிடித்து நின்றது. அவர் எழுந்து, புது ரிப்போர்ட்டில் நேரத்தைப் பெரிதாக எழுதச் சொன்னார். பழைய பதினொன்றையும் யார் சரி செய்வது என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். பாய் பக்கத்து ஆலை முழுவதற்கும் பிரியாணி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எலக்ட்ரீசியனைப் பார்த்தேன். இன்றைக்கு எங்கள் பக்கம் லைட் அவ்வளவாக மங்கவில்லை மேடம், உங்கள் பேனல் தாங்கிப் பிடித்துவிட்டது என்றார். ஒரு பேனல் அத்தனை பெரிய ஃபர்னஸைத் தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மனசு குளிரட்டும் என்று சொன்னார். நாஷ்டா ஆச்சா என்று அந்தத் தடவை நான் கேட்டேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு.

அடுத்த வாரமே தெற்கே போய்ப் பதினொரு பேனலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரி வைத்து, என் பழைய கையெழுத்துக்குக் கீழே புதுத் தேதி போட்டு மறுபடி கையெழுத்திட்டேன். ஆடிக் காற்று ஆளையே தள்ளியது. அந்த ஊர்க்காரர் ஒருவர், அன்றைக்குக் கரண்ட் போனது உங்களாலா என்று கேட்டார். ஆமாம், என்னால்தான் என்று சொன்னேன்.

இன்றும் வீட்டில் விளக்கு ஒரு நொடி மங்கினால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். என் உள்ளங்கையில் மட்டும் அந்தப் பேனல் கதவின் அதிர்வு வந்து போகும். எல்லாம் சாதுவாக இருக்கும் நேரத்தில் பாஸ் போட்டுக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எந்த வேலையானாலும், எந்த உறவானாலும், மணி அடித்த பிறகும் என் கை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்றுவரை கையெழுத்துப் போடுகிறேன்.